முட்டை சுமக்கும் ஆண் மீன்

கடற்குதிரையின் உறவினமான குழல் மீன் சில வேளைகளில் வலையில் அகப்படுவதுண்டு. உணவுக்கு உதவாததால் இதனைப் பலர் கவனிப்பதில்லை.

இவற்றுள் சிங்னதோயிடீஸ் பயக்குலியேற்றஸ் என்னும் இனம் மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணை ஆகியவற்றின் ஆழங்குறைந்த கடற்புல் திடல்களில் வாழ்கின்றது. ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் வரை வளரும். உடல் பச்சையாகவோ கபில நிறமாகவோ இருக்கும். வாற்செட்டை கிடையாது. வாலைப் புல்லிற் சுற்றிக்கொண்டு, தானும் ஒரு புல்லைப் போல அசையாது நிற்கும். பல்லில்லாத குழல் வாயினால் கூனி போன்ற சிற்றுயிர்களை உறிஞ்சி உண்ணும்.

பெண் மீன் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப்புறத்தில் ஒட்டிவிடுகின்றது. ஆண் கடற்குதிரைக்கு உள்ளது போன்ற மூடிய பை இதற்கு இல்லை. குஞ்சு பொரிக்கும் வரை ஆண் மீனே முட்டைகளைச் சுமக்கும். எனவே அந்த ஆண் மீன் இறந்தால் அது சுமந்த முட்டைகளும் அழியும்.

விரைந்து நீந்த இயலாத இம்மீனுக்குப் புல்லே வீடு. இழுவைமடி அப்புல்லை வேரோடு பிடுங்குகின்றது. இலங்கையில் 2017இல் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. புல் அழிந்தால் அதனுள்ளே வளரும் இறாற் குஞ்சும் ஓராவும் குறையும்; சிறு தொழிலாளரின் வருவாயும் குறையும். ஆகவே உயிருடன் அகப்படும் குழல் மீனைக் கடலிலேயே விட்டுவிடுவோம். அதன் புல்லையும் காப்போம்.