மோலே: ஒரு சொல் காட்டும் சமையல் வரலாறு

வான்கோழியைச் சாக்லேட் குழம்பில் சமைப்பார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் முகம் சுளிப்போம். மெக்சிகோ நாட்டின் 'மோலே பொப்லானோ' என்னும் விருந்துணவைப் பற்றி வெளிநாட்டார் அறிந்திருப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். உண்மையில் அது மிளகாய்க் குழம்பு. 4 கிலோ வான்கோழிக்கு 25 காய்ந்த மிளகாய்க்கு மேல் சேரும். சாக்லேட் 80 கிராம் போதும். திருமணம், ஞானஸ்நானம் போன்ற நாள்களில் இது பரிமாறப்படும். நவம்பர் 1, 2 ஆம் நாள்களில் இறந்தோருக்கான படையலிலும் இடம்பெறும்.

தேவையான பொருள்கள்

முலாட்டோ மிளகாய் 12, ஆன்ச்சோ 8, பசீயா 6. இவை அளவில் பெரியவை. காரம் குறைவு, மணம் அதிகம். எள் 100 கிராம், பாதாம் 100 கிராம், நிலக்கடலை, உலர்திராட்சை தலா 75 கிராம், நன்கு பழுத்த சமையல் வாழைப்பழம் 1, சோள ரொட்டியான தொர்த்தியா 2, ரொட்டித் துண்டு 1, தக்காளி அரை கிலோ, வெங்காயம் 1, பூண்டு 6 பல், மிளகு 10, கிராம்பு 4, பட்டை ஒரு துண்டு, கொத்தமல்லி விதையும் சோம்பும் அரைத் தேக்கரண்டி வீதம், சாக்லேட் 80 கிராம், பொரிக்கப் பன்றிக் கொழுப்பு அல்லது எண்ணெய்.

செய்முறை

வான்கோழித் துண்டுகளை வெங்காயம், பூண்டு, உப்புடன் ஒரு மணி நேரத்திற்கு மேல் வேகவைத்து, வெந்த நீரைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். மிளகாயின் காம்பு, விதை, நரம்பை நீக்கி, மிதமான சூட்டில் சில விநாடிகள் மட்டும் பொரிக்க வேண்டும். கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும். அதைப் பிறகு எந்தச் சர்க்கரையாலும் சரிசெய்ய முடியாது. பொரித்த மிளகாயை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும்.

பாதாம், கடலை, திராட்சை, வாழைப்பழம், தொர்த்தியா, ரொட்டி ஆகியவற்றைத் தனித்தனியே பொரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் சிவக்கும் என்பதால் ஒன்றாகக் கொட்டக் கூடாது. எள்ளையும் மசாலைப் பொருள்களையும் வெறும் சட்டியில் வறுத்து, தக்காளியைச் சுட்டுத் தோலுரித்து, யாவற்றையும் விழுதாக அரைக்க வேண்டும்.

மண்சட்டியில் கொழுப்பைக் காய்ச்சி முதலில் மிளகாய் விழுதையும், பின் மற்ற விழுதையும் வதக்கி, வான்கோழி வெந்த நீரை ஊற்ற வேண்டும். சாக்லேட்டையும் சிறிது சர்க்கரையையும் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறியபடி, கொழுப்பு பிரிந்து மேலே மிதக்கும்வரை சுமார் ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். இறுதியில் இறைச்சியைப் போட்டு மேலும் 20 நிமிடம் வைத்து, மேலே எள் தூவிச் சோற்றுடனும் தொர்த்தியாவுடனும் பரிமாறலாம்.

யார் படைத்த உணவு?

பொப்லானோ என்பது புவெப்லா நகரைச் சார்ந்தது என்று பொருள்படும். 17ஆம் நூற்றாண்டில் அந்நகரின் சாந்தா ரோசா கன்னியர் மடத்தில், விருந்தினராக வந்த அரசப் பிரதிநிதிக்காக ஆந்திரெயா என்ற கன்னியாஸ்திரி இதைப் படைத்தார் என்பது புகழ்பெற்ற கதை. பாஸ்குவால் என்ற துறவியின் சட்டியில் காற்று மசாலையைக் கொட்டியதால் பிறந்தது என்பது இன்னொரு கதை.

ஆனால், சொல் வேறு செய்தியைத் தருகிறது. 'மோலே' ஸ்பானியச் சொல் அன்று. ஆஸ்டெக் மக்களின் நாஹுவாட்ல் மொழியில் குழம்பைக் குறிக்கும் 'மொல்லி'யிலிருந்து வந்தது. நாம் அறிந்த குவாக்கமோலேயிலும் அச்சொல்லே உள்ளது. மெக்சிகோவில் வான்கோழிக்கு வழங்கும் 'குவாஹோலோத்தே' என்ற பெயரும் நாஹுவாட்ல்தான். 16ஆம் நூற்றாண்டில் சஹாகுன் என்ற பாதிரியார் அம்மொழியிலேயே தொகுத்த நூலில், மிளகாய், தக்காளி, அரைத்த பூசணி விதை சேர்ந்த கோழிவகைக் குழம்பு பேசப்படுகிறது. இதை அரைக்கும் 'மெத்தாத்தே' என்ற முக்கால் அம்மியும் ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கிருந்ததுதான்.

எள், பாதாம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியன ஸ்பானியர் ஆட்சியில் கடல் கடந்து வந்து சேர்ந்தவை. மடத்துச் சமையலறையின் பங்கு இதில் உண்டு. ஆயினும் குழம்பின் அடித்தளத்தை அமைத்த பழங்குடிப் பெண்களின் பெயர்கள் கதையில் இல்லை; சொல்லில் மட்டும் அவர்களது மொழி எஞ்சி நிற்கிறது.

வந்த எள்ளும் இன்று மெக்சிகோவின் சொந்தமாகிவிட்டது. எல்லாவற்றிலும் தலைகாட்டுபவரை 'எல்லா மோலேயிலும் எள்' என்பது அங்குள்ள வழக்கு. எதிர்த்திசையில், அவர்களது மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே இந்தியா வந்தபோது, நாம் மிளகையும் காயையும் சேர்த்து 'மிளகாய்' என்று பெயரிட்டு நமதாக்கிக்கொண்டோம்.

உணவின் வரலாற்றை ஆராய விரும்பும் மொழி மாணவர் முதலில் அதன் பெயரை ஆராயலாம். வென்றவர் கதை எழுதிய இடத்திலும், சமைத்தவரின் சொல் அடுப்படியில் தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் சமையலில் வழங்கும் சொற்களையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துவைப்பது நம் கடமையாகும்.