குட்டிக்குப் பல் முளைக்கிறது!

புதிதாக வாங்கிய செருப்பில் ஒன்றைக் காணோமா? கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். வார் வேறு, அடி வேறாகப் பிய்ந்து கிடக்கும். பக்கத்திலேயே, ஒன்றும் அறியாத பாவனையில் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், உங்கள் வீட்டு நாய்க்குட்டி!

கையை ஓங்கிவிடாதீர்கள். அது விஷமம் அல்ல, பல் படுத்தும் பாடு. பல் முளைக்கும் குழந்தை கண்டதையெல்லாம் வாயில் வைத்துக் கடிப்பதில்லையா? அதே கதைதான். நாய்க்குட்டிக்கு முதலில் முளைப்பவை 28 பால்பற்கள். சுமார் நாலாவது மாதத்தில் அவை விழ ஆரம்பிக்கும். ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். அதுவரை ஈறு குறுகுறுக்கும். எதையாவது கடித்தால்தான் நிம்மதி.

ஆகவே, 'கடிக்காதே' என்று அதட்டிப் பயனில்லை. கடிக்க எதைக் கொடுப்பது என்று யோசிப்பதே புத்திசாலித்தனம்.

சுத்தமான துணியை நனைத்து முறுக்கி, பிரிஜ்ஜில் உறைய வைத்துக் கொடுங்கள். குளிர்ச்சி ஈறுக்கு இதமாக இருக்கும். குட்டி கடிக்கும்போது அருகிலேயே இருங்கள். துணி நைந்ததும் எடுத்துவிடுங்கள். விழுங்கிய நூல் குடலில் சிக்கிக்கொள்ளும். ரப்பர் பொம்மையும் வாங்கலாம். நகத்தால் அழுத்தினால் சற்றே பள்ளம் விழ வேண்டும். முழுசாக வாய்க்குள் போகாத அளவில் இருக்க வேண்டும். பழைய செருப்பை மட்டும் கொடுக்காதீர்கள். பழையது எது, புதியது எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சாப்பிட்டு மிஞ்சிய கோழி எலும்பு கூடவே கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும். சாக்லெட், திராட்சை, வெங்காயம், பாச்சை உருண்டை எல்லாம் நாய்க்கு நஞ்சு. மின்சார ஒயர்களை எட்டாத உயரத்தில் கட்டிவையுங்கள்.

வாயில் கவ்வியதைப் பிடுங்கப் போனால் விளையாட்டு என்று எண்ணி ஓட்டம் பிடிக்கும். பதிலுக்கு அதற்குப் பிடித்த தின்பண்டத்தை நீட்டுங்கள். தானே கீழே போட்டுவிடும். விரலைக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள். கடித்தால் கூட்டாளி போய்விடுவார் என்பது சில நாளில் அதற்குப் புரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அசட்டை வேண்டாம். பால்பல் ஊசிபோல் கூர்மையானது. குழந்தையின் கையில் கீறல் விழுந்தால், 'நம் வீட்டுக் குட்டிதானே' என்று இருந்துவிடாதீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம். சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் பிழைப்பது துர்லபம். காலத்தில் போடும் தடுப்பூசிதான் காப்பாற்றும். குட்டிக்கும் மூன்று மாதம் ஆனதும் கால்நடை டாக்டரிடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அவர் சொல்லும் கெடுவில் மறு ஊசியும் போட்டுவிடுங்கள்.

பொம்மையில் துளி இரத்தக் கறை இருந்தாலோ, விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிட்டாலோ பயப்பட வேண்டாம். ஏழு மாதம் ஆகியும் பால்பல் விழாமல் நிலைப்பல்லோடு ஒட்டி நின்றால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மற்றபடி மூன்று மாதப் பொறுமை போதும். இப்போது பழகும் பழக்கந்தான் பெரிய நாயானபின்பும் நிற்கும். அடி வாங்கிய குட்டி உங்களைக் கண்டு பதுங்கக் கற்றுக்கொள்ளும். சரியான பொருளைக் கொடுத்துப் பழக்கிய குட்டியோ, உங்கள் வீட்டோடு ஒத்து வாழக் கற்றுக்கொள்ளும்.