இயற்கை விவசாயத்தில் விளைச்சல் குறையுமா? பொன்னமராவதி உளுந்துக்கு ஆராய்ச்சி சொல்லும் கணக்கு!

“ரசாயன உரத்தை நிறுத்தினா வெள்ளாமை எவ்வளவு குறையும்?”

இயற்கை விவசாயம் என்று பேச்சை எடுத்தாலே முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். மேடைகளில் இதற்கு இரண்டே பதில்கள். ஒரு தரப்பு, ‘குறையவே குறையாது’ என்கிறது. இன்னொரு தரப்பு, ‘பாதிக்குப் பாதி போயிடும்’ என்று பயமுறுத்துகிறது. ஆராய்ச்சிகளைப் புரட்டினால் கிடைக்கும் பதில் இரண்டுமே இல்லை. எந்தப் பயிர், எந்த மண், எந்த முறை என்பதைப் பொறுத்து 5 சதவிகிதமும் குறையலாம், 34 சதவிகிதமும் குறையலாம்.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் பொன்னமராவதி பக்கத்து மானாவாரி விவசாயியின் பிழைப்பு இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள் உண்டு. ஆனாலும் வடகிழக்குப் பருவமழை கைவிட்டால் கண்மாயும் கைவிட்டுவிடும். காவிரித் தண்ணீரை நம்பி நெல் போடும் டெல்டாக்காரரின் கணக்கு வேறு. செம்மண்ணில் உளுந்தும் நிலக்கடலையும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும் இந்தப் பக்கத்துக்காரரின் கணக்கு வேறு.

அந்த எண்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவை. வெரினா சூஃபெர்ட் தலைமையிலான குழு, உலகம் முழுக்க நடந்த 66 ஆய்வுகளைத் திரட்டி, 34 வகைப் பயிர்களில் 316 ஒப்பீடுகளைச் செய்து, 2012-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. மொத்தச் சராசரியில் இயற்கை முறை 25 சதவிகிதம் பின்தங்கியது. இரண்டு முறைகளையும் மிக நெருக்கமாக ஒப்பிடக்கூடிய சோதனைகளை மட்டும் எடுத்தால் 34 சதவிகிதம். நல்ல இயற்கை வழிமுறைகளைச் சரியாகக் கடைப்பிடித்த இடங்களில் 13 சதவிகிதம்.

5 சதவிகிதம் யாருக்கு? மழையை நம்பி விளையும் பயறு வகைகளுக்கும் பல்லாண்டுப் பயிர்களுக்கும்! அதுவும் அமிலத்தன்மையும் காரத்தன்மையும் மிகுதியாக இல்லாத மண்ணில். மானாவாரி உளுந்து என்றால் அது நம்ம ஊர்க் கதைதானே!

காரணம் சிக்கலானதல்ல. இயற்கை முறையில் பயிருக்கு முதலில் தட்டுப்பாடு வருவது தழைச்சத்துக்குத்தான். தொழு உரமும் பசுந்தாளும் மட்கி, நுண்ணுயிர்கள் அதைப் பிரித்துக் கொடுக்க நாளாகும். யூரியா போல மூன்றாம் நாளே பச்சை காட்டாது. நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் அந்தத் தாமதம் இழப்பு. உளுந்துக்கு அந்தக் கவலை குறைவு. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துவிடுகிறது.

பக்கத்திலேயே பயறு ஆராய்ச்சி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருப்பது இதே மாவட்டத்தின் வம்பனில். ‘வம்பன் 8’ என்று கடைகளில் கேட்டு வாங்குகிறார்களே, அந்த உளுந்து அங்கிருந்து 2016-ல் வந்தது. உளுந்துக்குப் பெரிய எதிரி மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. வந்துவிட்டால் மருந்தடித்துக் குணப்படுத்த முடியாது. இந்த ரகத்துக்கு அந்த நோயைத் தாங்கும் குணம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்குச் சற்று கூடுதலான நாள்களில் அறுவடைக்கு வந்துவிடும்.

இயற்கை விவசாயம் என்றாலே ஆராய்ச்சி நிலைய ரகங்களைத் தொடக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தேவையில்லாத பிடிவாதம். இரண்டு ரகங்களைக் கலப்பினம் செய்து தேர்ந்தெடுத்த விதை இது, மரபணு மாற்றப்பட்டதல்ல. பூச்சிமருந்தைக் கைவிடுகிறவருக்குத்தான் நோயைத் தாங்கும் விதை அதிகம் தேவை. பூஞ்சணக்கொல்லி தடவிய விதையை மட்டும் தவிர்த்து, பதிலுக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்கலாம். பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதையோடு புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். வெள்ளை ஈக்கு ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறிகள் வைப்பது வழக்கம்.

ரூபாயில் பார்த்தால்…

சதவிகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போக முடியாது. ஓர் உதாரணம். ஏக்கருக்கு 300 கிலோ உளுந்து எடுக்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசு 2025-26-க்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய், அதாவது கிலோ 78 ரூபாய். விளைச்சல் 5 சதவிகிதம் குறைந்தால் இழப்பு 15 கிலோ, 1,170 ரூபாய். 34 சதவிகிதம் குறைந்தால் 102 கிலோ, 7,956 ரூபாய்!

மிச்சமாவது எவ்வளவு? மானாவாரி உளுந்துக்கான பரிந்துரைப்படி அடியுரமாக ஏக்கருக்கு அரை மூட்டைக்குச் சற்றுக் குறைவாக டி.ஏ.பி. தேவை. பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை 2 சதவிகித டி.ஏ.பி. கரைசல் தெளிக்கச் சொல்வார்கள். 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 800 ரூபாயை ஒட்டி வரும். பூச்சிமருந்துச் செலவையும் சேர்த்தால் 5 சதவிகித இழப்பு ஏறக்குறைய ஈடாகிவிடும். 34 சதவிகித இழப்பு என்றால் எந்தச் சிக்கனத்தாலும் ஈடுகட்ட முடியாது. நெல்லை ஒரே வருடத்தில் முழுக்க இயற்கைக்கு மாற்றிக் கையைச் சுட்டுக்கொள்வதும், உளுந்தில் தொடங்கிப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரு நாடே கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. இலங்கையில் 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை அறிவித்தார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிபட்டது, அதே நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். மட்கு உரம் எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் உத்தரவு மட்டும் வந்ததுதான் அங்கே நடந்த கோளாறு.

அந்தக் கேள்வி இங்கேயும் இருக்கிறது. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. ஒரு நாட்டு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும் என்றால் வருடத்துக்கு மூன்றரை டன். மட்கும்போது அதில் பாதிக்கு மேல் எடை போய்விடும். ஆக, ஓர் ஏக்கருக்கே மூன்று மாடுகளாவது வேண்டும். வீட்டுக்கு ஒரு மாடுகூட இல்லாத காலத்தில் இது பெரிய கணக்கு. ‘பஞ்சகவ்யா அடிச்சா போதும்’ என்பதும் சரியல்ல. அது வளர்ச்சிக்குத் துணைபுரியலாம். மண்ணிலிருந்து அறுவடை எடுத்துக்கொண்டு போகும் சத்து முழுவதையும் ஒரு தெளிப்பு திருப்பிக் கொடுத்துவிடாது.

மாடு இல்லாதவருக்கு இந்தப் பக்கத்தில் இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று, கிடை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வரும்போது, அறுவடை முடிந்த வயலில் இரவு பட்டி போடச் சொல்லி நெல்லோ பணமோ கொடுப்பது. புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கிவிடும். அள்ளிச் சுமக்கும் கூலி இல்லை.

இன்னொன்று, கொழிஞ்சி. வறண்ட செம்மண்ணில் தானாக வளரும் இந்தச் செடியை ஆடு மாடு பெரும்பாலும் சீண்டாது. ஒருமுறை விதைத்து நிலைத்துவிட்டால் வருடா வருடம் தானே முளைக்கும். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் தழைச்சத்து. விதையின் தோல் கல் போல இருக்கும். மணலோடு தேய்த்தோ, சுடுதண்ணீரில் சில நிமிடம் போட்டெடுத்தோ விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். இந்தச் செடியின் பெயரிலேயே புதுக்கோட்டை மாவட்டம் ஓடுகம்பட்டியில் ஒரு பண்ணை இருக்கிறது. ‘குடும்பம்’ அமைப்பின் கொழிஞ்சிப் பண்ணை அது. நம்மாழ்வார் பல காலம் உழைத்த இடம். ஒரு காலத்தில் பொட்டலாகக் கிடந்த நிலம், இன்று மரங்களடர்ந்து பயிற்சிக்கு வருகிறவர்கள் சுற்றிப் பார்க்கும் இடமாகியிருக்கிறது.

மண்ணைத் தேற்றுவது ஒரு போகத்து வேலை அல்ல என்பதற்குக் கோவையிலேயே நூறாண்டு தாண்டிய சான்று உண்டு. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனையில், ஒரே பாத்திக்கு ஒரே வகை எருவைத் தொடர்ந்து இட்டு வருகிறார்கள். தொழு உரம் பெற்ற பாத்திகளில் மண்ணின் கரிமச்சத்து மற்றவற்றைவிடத் தெளிவாகக் கூடுதல். மானாவாரிக்காரருக்குக் கரிமச்சத்து என்றால் ஈரம். மழை நின்றபின் இன்னும் சில நாள் செடி வாடாமல் நிற்பது அதனால்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் 2015-ல் 115 ஆய்வுகளைத் தொகுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இயற்கை முறையில் பல பயிர் கலந்தோ, பயிர்ச்சுழற்சியோடோ செய்தால் இடைவெளி 8, 9 சதவிகிதமாகச் சுருங்குகிறது. உளுந்தோடு துவரையை ஊடுபயிராகப் போட்ட நம்ம தாத்தாக்களுக்கு இது புதிதல்ல.

விலைதான் கடைசி முட்டுக்கட்டை. உளுந்து போன்ற பயிர்களுக்கு இயற்கைச் சான்றிதழ் பெற 2 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. அதுவரை சந்தையில் சாதாரண உளுந்தின் விலைதான். தமிழக அரசின் விதைச்சான்று மற்றும் உயிர்மச் சான்றளிப்புத் துறை வழியாகச் சான்று பெறலாம். செலவு குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு ‘பி.ஜி.எஸ்.’ என்னும் பங்கேற்புச் சான்று முறை இருக்கிறது. ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு குழுவில் குறைந்தது 5 விவசாயிகள் சேர வேண்டும்.