சிறு றோபோவின் மின்வழங்கலும் மோட்டர்க் கட்டுப்பாட்டுச் சுற்றும்

மாணவர்களே, செயற்றிட்டத்துக்காக இரண்டு சக்கரங்களுள்ள சிறு றோபோ ஒன்றை அமைத்துள்ளீர்கள் எனக் கொள்வோம். மோட்டரைத் தனியே பற்றரிக்கு இணைத்தால் சுழல்கிறது. நுண்கட்டுப்படுத்தியும் தனியே சரியாக இயங்குகிறது. இரண்டையும் சேர்த்ததும் றோபோ ஒரு முறை துடித்து நின்றுவிடுகிறது. பல செயற்றிட்டங்கள் இந்த இடத்திலேயே கைவிடப்படுகின்றன. இதற்கான காரணம் நீங்கள் படித்த பாடத்திலேயே உள்ளது.

1. மின்வழங்கல்

1.5 வோல்ற்று மின்கலங்கள் நான்கைத் தொடராக இணைத்தால் மின்னியக்க விசை 6 வோல்ற்று ஆகும். சற்றுப் பாவித்த கலங்களின் மொத்த அகத்தடை 2 ஓம் எனவும், ஒவ்வொரு மோட்டரினதும் சுருளின் தடை 8 ஓம் எனவும் கொள்க. இரு மோட்டர்களும் சமாந்தரமாக இருப்பதால் சமவலுத் தடை 4 ஓம்.

மோட்டர் ஓய்விலிருந்து புறப்படும் கணத்தில் பின் மின்னியக்க விசை இல்லை. எனவே,
மின்னோட்டம் = 6 ÷ (4 + 2) = 1 அம்பியர்
அகத்தடையில் இழக்கப்படுவது = 1 × 2 = 2 வோல்ற்று
முடிவிட அழுத்த வித்தியாசம் = 6 − 2 = 4 வோல்ற்று

5 வோல்ற்றில் இயங்க வேண்டிய நுண்கட்டுப்படுத்திக்கு இது போதாது. அது நின்று மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். மோட்டர் வேகம் பெற்றபின் மொத்த ஓட்டம் 0.2 அம்பியராகக் குறைந்தால் இழப்பு 0.4 வோல்ற்று மாத்திரமே. ஆகவே குறை புறப்படும் கணத்திலேயே உள்ளது.

பரிகாரம்: மோட்டர்களுக்கு ஒரு பற்றரி, கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வேறொரு பற்றரி. 9 வோல்ற்றுப் பற்றரியை 7805 எனும் வோல்ற்றளவுச் சீராக்கியூடாக இணைத்தால் 5 வோல்ற்று கிடைக்கும். இச்சீராக்கிக்குப் பெய்ப்பாக ஏறத்தாழ 7 வோல்ற்றாவது தேவை என்பதால் 6 வோல்ற்றுப் பற்றரி இதற்குப் பொருந்தாது. இரு பற்றரிகளினதும் மறை முடிவிடங்களை ஒன்றாக இணைக்க மறவாதீர்கள். இல்லாவிடில் திரான்சிற்றரின் அடி ஓட்டம் திரும்பிச் செல்லப் பாதை இராது.

2. திரான்சிற்றர் ஆளியாக

நுண்கட்டுப்படுத்தியின் முனையொன்று சில மில்லி அம்பியர்களையே பாதுகாப்பாக வழங்கும். மோட்டருக்கு 0.5 அம்பியர் வரை தேவை. எனவே என்.பி.என் திரான்சிற்றர் ஒன்றை ஆளியாகப் பயன்படுத்துகிறோம். மோட்டர் நேர் முடிவிடத்துக்கும் சேகரிப்பானுக்கும் இடையில் அமையும். காலி மறை முடிவிடத்துடன் இணையும்.

ஓட்ட நயம் 100 எனின் அடி ஓட்டம் குறைந்தது 500 ÷ 100 = 5 மில்லி அம்பியர். திரான்சிற்றர் முற்றாக நிரம்பல் நிலையை அடைவதற்காக 10 மில்லி அம்பியர் எடுப்போம்.
அடித் தடை = (5 − 0.7) ÷ 0.01 = 430 ஓம்

0.7 வோல்ற்றைக் கழிக்காமல் விடுவது மாணவர் அடிக்கடி விடும் தவறு.

3. பாதுகாப்பு இருவாயி

மோட்டரின் சுருளில் ஓட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது, லென்சின் விதிப்படி அம்மாற்றத்தை எதிர்க்கும் உயர்ந்த மின்னியக்க விசை தூண்டப்படும். அது திரான்சிற்றரைப் பழுதாக்கலாம். ஆகவே மோட்டருக்குச் சமாந்தரமாக, கதோட்டு நேர் முடிவிடப் பக்கம் இருக்குமாறு ஓர் இருவாயியை இணைக்க வேண்டும். வழமையான இயக்கத்தில் அது பின்முகக் கோடலில் இருக்கும். துண்டிக்கும் கணத்தில் மாத்திரம் கடத்தும்.

4. திசை மாற்றலும் வேகமும்

ஒரு திரான்சிற்றரால் மோட்டரை ஒரு திசையிலேயே சுழற்றலாம். திசையை மாற்ற நான்கு ஆளிகள் கொண்ட எச் வடிவப் பாலம் தேவை. இடப்பக்கத்தில் மேலே ஆ1, கீழே ஆ2. வலப்பக்கத்தில் மேலே ஆ3, கீழே ஆ4 எனக் கொள்க.

ஆ1, ஆ4 மூடியிருப்பின்: முன்னோக்கிய சுழற்சி
ஆ3, ஆ2 மூடியிருப்பின்: பின்னோக்கிய சுழற்சி
ஆ1, ஆ2 ஒருங்கே மூடியிருப்பின்: குறுஞ்சுற்று. இது ஒருபோதும் நிகழக்கூடாது.

எல்293டி எனும் தொகையிடும் சுற்றில் இத்தகைய இரு பாலங்களும் பாதுகாப்பு இருவாயிகளும் உள்ளன. ஒரு வழிக்கு 0.6 அம்பியர் வரை தாங்குவதால் எமது மோட்டர்களுக்குப் பொருந்தும். வேகத்தைக் குறைக்க, ஆளியை விரைவாக மூடித் திறந்து, மூடியிருக்கும் நேரத்தின் பங்கைக் குறைக்க வேண்டும்.

பயிற்சி வினா: மேற்படி பற்றரிக்குப் பதிலாக, மொத்த அகத்தடை 0.8 ஓம் உடைய புதிய கலங்கள் நான்கு இடப்பட்டன. புறப்படும் கணத்தில் முடிவிட அழுத்த வித்தியாசம் யாது?
விடை: மின்னோட்டம் = 6 ÷ 4.8 = 1.25 அம்பியர். இழப்பு = 1.25 × 0.8 = 1 வோல்ற்று. ஆகவே 5 வோல்ற்று.

புதிய கலங்களுடன் ஓடிய றோபோ சில நாட்களின் பின் ஏன் நின்றுவிடுகிறது என்பதை இவ்விடையைக் கொண்டு நீங்களே விளக்கிப் பாருங்கள்.