முட்டிக்கும் உண்டு இரவும் பகலும்

"முட்டி தேஞ்சு போச்சு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் டாக்டரும் அதையேதான் சொல்கிறார். செருப்பு தேய்கிறது, அம்மி தேய்கிறது, அதுபோல உழைத்த மூட்டும் தேய்கிறது என்று அந்தச் சொல் நம்மை நம்பவைத்துவிட்டது. ஆனால் செருப்பு தன் கிழிசலைத் தானே தைத்துக்கொள்வதில்லை. மூட்டின் குருத்தெலும்பில் உள்ள செல்களோ அன்றாடம் பழையதை உடைத்துப் புதியதைக் கட்டுகின்றன. இந்த வரவு செலவுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. அந்தக் கணக்கு குழம்பினாலும் மூட்டு கெடும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

உடலின் நேரத்தை நடத்தும் தலைமைக் கடிகாரம் மூளையில் இருக்கிறது. ஆனால் மூட்டுக்கும் சொந்தமாக ஒரு கடிகாரம் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்மினிப் பூச்சியின் ஒளிப்புரதத்தைக் கடிகாரப் புரதத்தோடு சேர்த்து வளர்த்த எலிகளிடமிருந்து குருத்தெலும்புத் துணுக்குகளை எடுத்துத் தட்டில் வைத்தார்கள். அங்கே ரத்தம் இல்லை, நரம்பு இல்லை, மூளையின் கட்டளையும் இல்லை. ஆனாலும் அந்தத் துணுக்கு ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்கி, மறுபடி ஒளிர்ந்தது. 2016இல் அதே குழு, பிமால்1 என்ற கடிகார மரபணுவை எலியின் குருத்தெலும்பில் மட்டும் நீக்கிப் பார்த்தது. மூளைக் கடிகாரம் ஒழுங்காகவே ஓடியது. மூட்டின் குருத்தெலும்போ படிப்படியாகச் சிதைந்தது.

வெளியிலிருந்தும் இந்தக் கடிகாரத்தைக் குலைக்கலாம். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் 22 வாரங்கள், வாரம் ஒருமுறை, எலிகளின் பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றினார்கள். முடிவில் அவற்றின் முழங்காலில் மூட்டுச் சிதைவின் அடையாளங்கள் தென்பட்டன. ஒரு வாரம் பகல், மறு வாரம் அரை நைட், அதற்கடுத்த வாரம் முழு நைட் என்று மில்லுக்குப் போகிறவர்களுக்கு இந்த அட்டவணை புதிதல்ல. எலி வேறு, மனிதர் வேறு என்பார்கள். சரிதான், எலி இரவில் நடமாடும் பிராணி, நைட் ஷிப்ட்காரரோ எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிறவர். வலிக்குக் காரணம் நின்ற காலா, விழித்த கண்ணா என்று தொழிலாளர்களிடம் பிரித்தறிவது கடினம். ஆனால் மூட்டுச் சிதைவு உள்ள மனிதர்களின் குருத்தெலும்பிலும் பிமால்1 குறைந்திருப்பதை அதே மான்செஸ்டர் குழு கண்டது. முடக்குவாதக்காரர்களுக்கு விடியற்காலையில் விரல்கள் மடங்க மறுப்பதும், கவுட் வலி நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் இடையே பகலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அதிகமாகத் தாக்குவதும் மனித மூட்டுக்கு நேரம் தெரியும் என்பதற்குச் சாட்சி.

உணவு இங்கேதான் உள்ளே வருகிறது. கல்லீரலின் கடிகாரம் சாப்பாட்டு வேளையைப் பார்த்து நகர்கிறது, மூளையின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்க்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டால் இரண்டும் ஆளுக்கொரு நேரம் காட்டும். 2009இல் பாஸ்டனில் பத்துப் பேரைப் பரிசோதனைக்கூடத்தில் வைத்து, ஒரு நாளை 28 மணி நேரமாக்கி உண்ணவும் உறங்கவும் செய்தார்கள். உடல் கடிகாரத்துக்கு நேர் எதிராகச் சாப்பிட்டு உறங்கிய கட்டத்தில், ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் ஏறின. போதும் என்று சொல்லும் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது. எடை கூடுவதற்கான வழி இது. எடை கூடினால் முட்டி அழுந்தும் என்பது பாதி விளக்கம்தான். உடல் பருத்தவர்களுக்கு விரல் மூட்டுகளிலும் சிதைவு அதிகம். விரலால் யாரும் நடப்பதில்லையே! கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தோடு எங்கும் போகின்றன.

நேரத்துக்குச் சாப்பிட்டால் சிதைந்த முட்டி பழையபடி ஆகும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு நிரூபணம் இல்லை. சாப்பாட்டு நேரத்தைத் தொழிலாளி தானே தேர்ந்தெடுப்பதும் இல்லை, ஷிப்ட் பட்டியல்தான் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே அவரிடம் "எடையைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை. முட்டி வலியோடு வருகிறவரிடம் வயதும் எடையும் கேட்டு எழுதும் அதே சீட்டில், எந்த ஷிப்ட், கடைசிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்ற இரண்டு கேள்விகளுக்கும் இடம் வேண்டும்.