மண் கோதாவிலிருந்து மெத்தைக்கு: முதலில் கற்க வேண்டியது தற்காப்பு!

ஊர்த் திருவிழாக் குஸ்திகளில் அவன் முதுகை யாரும் மண்ணில் பதிய வைத்ததில்லை. அப்படிப்பட்ட பையன் முதன்முதலாக மெத்தையில் ஏறுகிறான். ஒரு நிமிஷம் முடிவதற்குள் 10-0. நடுவர் எதிராளியின் கையைத் தூக்கிவிடுகிறார். "என் தோள்கள் தரையில் அழுந்தவே இல்லையே, எப்படித் தோற்றேன்?" என்று பையன் திகைத்து நிற்கிறான்.

மேற்கு மகாராஷ்டிரத்தின் குஸ்திப் பள்ளிகளில் இது ஒருவன் கதை அல்ல. மண்ணில் வளர்ந்து மெத்தைக்கு மாறும் பெரும்பாலோர் கதை இதுதான்.

ஷாகு மகாராஜா வளர்த்த கலை

மும்பையில் இரவு மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் கோலாப்பூர். அம்மன் கோயிலுக்குப் புகழ்பெற்ற இந்த ஊர் குஸ்திக்கும் தலைநகர். சமஸ்தானத்தை ஆண்ட ஷாகு மகாராஜா பயில்வான்களை ஆதரித்தார். அவர் காலத்தில் 1912-ல் எழுந்த காஸ்பாக் மைதானம் இன்றும் இருக்கிறது.

'தாலீம்' என்று அழைக்கப்படும் பயிற்சிக் கூடங்களில், விடியும் முன்பே பையன்கள் எழுந்து மண்வெட்டியால் கோதாவைக் கொத்திப் புரட்டுகிறார்கள். செம்மண்ணில் எண்ணெய், மோர், மஞ்சள் கலந்து பதப்படுத்துகிறார்கள். ஆசானுக்கு 'வஸ்தாத்' என்று பெயர்.

மண் குஸ்தியின் சட்டம் எளியது. எதிராளியின் முதுகை மண்ணில் பதிய வைத்தால் வெற்றி. 'வானத்தைக் காட்டுவது' என்று மராட்டியர் இதைச் சொல்வார்கள். திருவிழாக் குஸ்தியில் புள்ளிக் கணக்குக் கிடையாது. அரை மணி நேரம் கூட ஒரே பிடியில் இருவரும் கிடப்பதுண்டு.

இதனால் மண் பயில்வானுக்கு ஒரு பழக்கம் ஊறிப் போகிறது. ஆபத்து வந்தால் குப்புறப் படுத்துக் கொள்வது! வயிறு மண்ணில் இருக்கும் வரை முதுகு பத்திரம். படுத்த நிலையிலேயே மூச்சு வாங்கலாம். எதிராளியைக் களைக்க வைக்கலாம்.

காப்பாற்றிய பழக்கமே பகை

மெத்தையில் இந்தப் பழக்கமே அவனைக் கவிழ்த்து விடுகிறது.

சர்வதேச 'ஃப்ரீஸ்டைல்' விதிப்படி ஒரு பந்தயம் மூன்று மூன்று நிமிஷமாக இரு பகுதிகள். இடையில் 30 விநாடி ஓய்வு. எதிராளியைக் கீழே கொண்டு வந்து பின்புறமாக அடக்கிப் பிடித்தாலே 2 புள்ளி. முதுகு மெத்தைப் பக்கம் திரும்பும்படி உருட்டினால் மேலும் 2 புள்ளி. 9 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் எதிராளிக்கு 1 புள்ளி. பின்வாங்கிக் கொண்டே இருந்தால் எச்சரிக்கை. அதன் பிறகும் புள்ளி எடுக்காவிட்டால் அதற்கும் 1 புள்ளி தண்டம். வித்தியாசம் 10 புள்ளி ஆனதும் பந்தயம் முடிந்தது!

இப்போது அந்தப் பையனின் தோல்வியைப் பாருங்கள். காலைப் பிடித்து இழுத்தார்கள். வழக்கம்போல் குப்புற விழுந்தான். 2 புள்ளி போயிற்று. இனிப் பத்திரம் என்று கால்களைச் சேர்த்துப் படுத்தான். எதிராளி இரு கணுக்கால்களையும் பின்னிப் பூட்டி நான்கு முறை உருட்டினான். 8 புள்ளி. மொத்தம் 10!

கணுக்கால் பூட்டுக்கு வட இந்தியப் பயில்வான்கள் வைத்த பெயர் 'ஃபித்தேலே'. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் யோகேஷ்வர் தத் வெண்கலம் வென்றது இந்தப் பூட்டினால்தான். 2021-ல் டோக்கியோவில் அரையிறுதியில் ரவி தஹியா 2-9 என்று பின்தங்கியதும் இதே பூட்டில் சிக்கித்தான். கடைசியில் அவர் எதிராளியின் தோள்களை மெத்தையில் அழுத்தி வென்றார். அப்படி மீள்வது எல்லோருக்கும் வாய்க்காது.

நான்கு பாடங்கள்

மெத்தைக்கு வரும் பையனுக்கு ஏற்கெனவே பத்துப் பதினைந்து பிடிகள் தெரியும். அதை மெத்தையிலும் காட்டத் துடிப்பான். நல்ல பயிற்சியாளர்கள் முதலில் அதற்கு இடம் கொடுப்பதில்லை. தற்காப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதல் பாடம் நிற்பது. மண்ணில் வெறுங்கால் பதியும். எதிராளி பாய்ந்து வருவதும் சற்றுத் தாமதமாகும். மெத்தையில் காலணி அணிந்து ஆடுகிறார்கள். கண் இமைக்கும் நேரத்தில் காலைப் பிடித்து விடுவார்கள். ஆகவே முழங்கால் மடங்கி, இடுப்புத் தாழ்ந்து, முழங்கைகள் விலாவை ஒட்டி, தலை நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இரண்டாவது, காலைக் காப்பது. எதிராளி கால்களை நோக்கிப் பாய்ந்தால், இரு கால்களையும் சட்டென்று பின்னே வீசி, இடுப்பின் முழுப் பாரத்தையும் அவன் தோள்மீது இறக்க வேண்டும். யோசித்துச் செய்ய நேரம் இராது. உடம்பு தானாகச் செய்ய வேண்டும். அதற்காக இதையே நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்.

மூன்றாவது, கீழே விழுந்து விட்டால் என்ன செய்வது என்பது. கால்களைச் சேர்க்கக் கூடாது. அகட்டி வைக்க வேண்டும். இடுப்பை மெத்தையோடு அழுத்த வேண்டும். எதிராளியின் கைகள் வயிற்றைச் சுற்றிப் பூட்டுவதற்கு முன் அவற்றைப் பிரிக்க வேண்டும். வாய்ப்புக் கிடைத்ததும் எழ வேண்டும்.

நான்காவது, எல்லை தெரிவது. வட்டத்தின் ஓரத்தில் வண்ணப் பட்டை ஒன்று உண்டு. கால் அதில் பட்டதும் பின்னே போகாமல் பக்கவாட்டில் சுழன்று நடுவுக்கு வர வேண்டும்.

இவற்றில் எதுவும் கைதட்டல் வாங்கித் தராது. திருவிழாவில் நாலாயிரம் பேர் ஆரவாரம் கேட்ட பையனுக்கு, தன்னைவிட இளையவனிடம் தினமும் விழுந்து எழுவது கசக்கத்தான் செய்யும். பல பேர் மண்ணுக்கே திரும்பி விடுவது இதனால்தான்.

ஜாதவ் காட்டிய வழி

கராட் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் தேடித் தந்த கஷாபா ஜாதவ் பிறந்த கோலேஷ்வர் கிராமம் அந்தக் கராட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஜாதவும் மண்ணில் வளர்ந்தவரே. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனபோது மெத்தை அவருக்குப் பழக்கமில்லாதது. அங்கே ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கர் பயிற்சி அளித்தார். ஆறாவது இடம் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் விடாமல் உழைத்தார். 1952-ல் ஹெல்சிங்கி செல்லப் பணமில்லாத நிலையில், அவர் படித்த ராஜாராம் கல்லூரியின் முதல்வர் தம் வீட்டை அடமானம் வைத்து உதவினார். ஜாதவ் வெண்கலத்துடன் திரும்பினார். அடுத்த தனிநபர் பதக்கம் இந்தியாவுக்குக் கிடைக்க 1996 வரை, 44 ஆண்டுகள் ஆயின என்பது குறிப்பிடத்தக்கது.

சோறு போடும் சான்றிதழ்

இன்றைய பையனுக்குப் பதக்கம் மட்டுமல்ல பிரச்சினை. பாலும் பாதாமும் நெய்யும் வாங்கிக் கொடுத்துப் பிள்ளையைத் தாலீமுக்கு அனுப்பும் விவசாயக் குடும்பத்துக்கு ஒரே நம்பிக்கை, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. ரயில்வேயிலும் போலீசிலும் ராணுவத்திலும் அதற்குக் கேட்பது அங்கீகாரம் பெற்ற சாம்பியன்ஷிப்களின் சான்றிதழ். திருவிழாவில் கிடைத்த தலைப்பாகையும் ரொக்கமும் அங்கே செல்லாது.

அதற்காக மண் தாழ்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. 1961-ல் தொடங்கிய 'மகாராஷ்டிர கேசரி' போட்டியில் மண், மெத்தை என்று இரு பிரிவுகள் நடக்கின்றன. இரண்டிலும் வென்றவர்கள் கடைசியில் வெள்ளிக் கதாயுதத்துக்காக மோதுகிறார்கள். மண் தந்த பலமும் பிடியும் எங்கும் உதவும். ஆனால் களம் மாறினால் காவலும் மாற வேண்டும். மெத்தையில் முதல் மாதம் விழாமல் இருக்கக் கற்றவனே அடுத்த மாதம் வீழ்த்தக் கற்கிறான்.

கோலாப்பூருக்கு அம்மன் தரிசனத்துக்குப் போகும் நம்மவர்கள், காஸ்பாக் மைதானத்தையும் ஒரு நடை பார்த்து வரலாம்.