36 படம்... ஏழரை நிமிஷம்!

"ஃப்ரிட்ஜுல தயிருக்குப் பக்கத்துல என்னமோ டப்பா வெச்சிருக்கீங்களே... மாத்திரையா?"

"ஃபிலிம் ரோல்! உஷ்ணம் பட்டா கெட்டுடும்" என்றேன். மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

15 வருஷமாக டிஜிட்டல் கேமராவில் சுட்டுத் தள்ளியவன் நான். அம்மா பூ தொடுத்தால் 40 படம், அப்பளம் பொரித்தால் 40 படம். எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். போன வருஷம் அது 'டிக்... டிக்...' என்று முனகிவிட்டு மண்டையைப் போட்டது. காப்பி எடுக்கவில்லை சார், திட்டாதீர்கள்!

அதே வாரம் பரணில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே 1986-ல் அப்பா எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி, பிற்பாடு மூடப்பட்டுவிட்ட நம்ம ஊட்டி தொழிற்சாலையின் 'இந்து' ஃபிலிம்! ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்... அம்மா! முகம் கறுப்பாக, முடி வெள்ளையாக. இப்போது முடி நிஜமாகவே வெள்ளை.

டின்னுக்குப் பக்கத்திலேயே அப்பாவின் பென்டாக்ஸ் கே1000. ஷட்டருக்கு பாட்டரியே வேண்டாம். வெளிச்சம் காட்டும் முள்ளுக்கு மட்டும் குட்டியாக ஒன்று. மாட்டினேன், வேலை செய்தது.

அம்மாவின் 80-வது பிறந்தநாளுக்கு முதல் ரோல். ஒவ்வொரு க்ளிக்குக்கும் பழக்கதோஷத்தில் கேமரா முதுகைப் பார்த்தேன். "என்னடா தேடறே?" என்றாள் அம்மா. 36, 37, 38... லீவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அடடே, போனஸ்!

போனஸாவது, மண்ணாவது! ஃபிலிம் நுனி எதிர்ப்பக்கச் சுருளில் மாட்டவேயில்லை. லீவரைத் தள்ளும்போது இடது பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். சுற்றினால்தான் ஃபிலிம் நகர்கிறது. எனக்கு ஒரு படம்கூட இல்லை.

"அதனாலென்ன... உங்கப்பாவுக்கும் ஒருதடவை இப்படித்தான் ஆச்சு. மகாபலிபுரம் போய் ஒண்ணுமே வரலை. மறு வாரமே திரும்பக் கூட்டிட்டுப் போனார். அதனாலதான் ரெண்டு தடவை பார்த்தேன்!"

இந்தக் கதையை அம்மா இதுவரை சொன்னதில்லை. நானும் கேமராவை இறக்கிவிட்டுக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு, அதே பட்டுப்புடவையில் மறுபடி உட்கார்ந்தாள். குமிழ் சுற்றியது. பேசினோம், பேசினோம்... இரண்டு மணி நேரத்தில் எடுத்தது 11 படம்தான். ரோலை முடிக்க மூன்று ஞாயிறு ஆனது.

கழுவுவதும் நானேதான். பாத்ரூம் விளக்கை அணைத்து, கதவிடுக்கில் துண்டை அடைத்து, தடவித் தடவி டாங்குக்குள் ஃபிலிமைச் சுற்றினேன். டி-76 டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னைக் குழாய்த் தண்ணீரிலா? மே மாசத்தில் அதில் காபியே போடலாம்! பக்கெட் நிறைய ஐஸ் கட்டி போட்டு பாட்டிலைக் குளிரவைத்தேன். ஹெச்.பி.5 ஃபிலிமுக்கு இதில் ஏழரை நிமிஷம். சனி விட்டாலும் ஏழரை விடுமா!

ஃபிக்ஸர் முடிந்து, அலசி, கொடியில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டேன். சொட்டச் சொட்ட 36 கட்டங்கள்... எல்லாவற்றிலும் அம்மா! கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து கிட்டத்தில் குனிந்து பார்த்தாள்.

"ஏண்டா... முடியெல்லாம் கறுப்பா இருக்கே!"

"அது நெகட்டிவ்ம்மா. பிரின்ட் போட்டா வெள்ளையாயிடும்."

"அப்ப போடாதே. இப்படியே இருக்கட்டும்!"